பத்து மணிக்குக் கேட்டில் ஒரு ஆள்

என் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் சின்ன வயதுக்குப் போய்விடும். கிணற்றில் குதித்தது, நுங்கு வண்டி ஓட்டியது, வாத்தியாரிடம் பிரம்படி வாங்கியது. நீங்கள் பேசுவீர்கள், நான் டீ டம்ளரை உருட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். "இவருக்கு மட்டும் ஒண்ணுமே ஞாபகம் இல்லையாட்ட இருக்குது" என்று போன வாரம்கூட உங்களில் ஒருவர் சொன்னார். ஞாபகம் இல்லாமல் இல்லை. என் சின்ன வயது எனக்கு அறுபத்தோராவது வயதில்தான் வந்தது. தை மாதம் வந்தது, ஆடி வரைக்கும் இருந்தது. சிரியுங்கள், பரவாயில்லை.

முதலில் வந்திருக்க வேண்டியது எங்கே போனது என்று கேட்பீர்கள். ஆறு வயதில் அப்பா என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பண்ணையத்தில் விட்டார். "மூணு வேளை சோறு போடுவாங்க, இருந்துக்கோ" என்றார். அவ்வளவுதான், திரும்பி நடந்துவிட்டார். எருமை மேய்த்தேன். பிறகு பஞ்சு பேக்டரி. பிறகு கல்யாணம், பிறகு அவளும் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை கிடையாது. எல்லாம் ஒரே மூச்சில் நடந்த மாதிரி இருக்கிறது. அப்பா சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது திரும்பி வரும்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் இருக்கும். திருப்பூரைச் சுற்றி எந்தச் சுவரைப் பார்த்தாலும் 'டைலர்கள் தேவை' என்று எழுதியிருந்த காலம். மளிகைக் கடைக்கு மளிகைக் கடை சிவப்பாக ஒரு ரூபாய் காயின் போன் தொங்கும். நான் பெருமாநல்லூரில் பத்து வாசல் கொண்ட ஒரு லைன் வீட்டில் கடைசி வாசலில் இருந்தேன். பனியன் கம்பெனிகளில் துணி வெட்டும்போது விழுகிற துண்டு துணியை, வேஸ்ட் என்பார்கள், மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதை நிறம் நிறமாகப் பிரிப்பது என் வேலை. எழுத்து தெரியாதவனுக்கு அதுதான் பேப்பர் படிப்பது மாதிரி. அடுத்த வருடம் வெளிநாட்டுக் குழந்தைகள் என்ன நிறம் போடப்போகிறார்கள் என்று எனக்கு முன்பே தெரிந்துவிடும். அந்த வருடம் முழுக்க ஆரஞ்சு. எங்கே பார்த்தாலும் ஆரஞ்சு. சோற்றில்கூட ஒரு நூல் ஆரஞ்சாகக் கிடக்கும். இது எதற்கு இப்போது? அந்த ஆறு மாதத்தை நினைத்தாலே கண்ணுக்குள் முதலில் வருவது அந்த நிறம்தான், அதற்காகச் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டினார்கள். பக்கத்து வாசலுக்குக் குடிவந்து மூன்று நாள் ஆன இரண்டு பெண்கள். பெரியவள் ஓவர்லாக் மிஷினில் தைப்பவள், இருபது வயது இருக்கும். மற்றவள், அவளைவிட ஒரு வயது சின்னவள், தைத்து முடித்த பனியனில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளும் செக்கிங் வேலை. லைனில் எல்லோரும் ஓவர்லாக்காரி, செக்கிங்காரி என்றே கூப்பிட்டோம். ஓவர்லாக்காரியின் இடுப்பில் ஒரு அண்டா.

"தாத்தா, ஏனம் இருந்தா குடுங்க."

"எதுக்கு அம்மிணி?"

"சாம்பார் கொஞ்சம் ஜாஸ்தியா போச்சு."

கொஞ்சமா! எட்டிப் பார்த்தேன். அவர்கள் வீட்டில் அண்டா, குண்டா, புதிதாக வாங்கிய குடம், எல்லாவற்றிலும் சாம்பார். பெருங்காய வாசம் பத்து வாசலுக்கும் அடித்தது. செக்கிங்காரி அடுப்புக்குப் பக்கத்தில் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அம்மிணி, ஒறம்பரை வர்றாங்களா?"

"எங்களுக்கு யாருங்க சொந்தம், ஒறம்பரை? நாங்க ஹோம்ல வளந்தவங்க. பத்து வயசுல இருந்து சமையக்கட்டுல டூட்டி. எம்பது பேருக்குப் போட்டுத்தான் தெரியும்."

"நாலுல ஒரு பங்குதான் போட்டோம் தாத்தா" என்று அடுப்படியிலிருந்து செக்கிங்காரி அழுகிற குரலில் சொன்னாள். "ரெண்டு பேருக்கு எத்தனை போடோணும்னு யாருமே சொன்னதில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போனது. என் வீட்டுக்காரி போன பிறகு ஒரு ஆளுக்குச் சோறு வடிக்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. இரண்டு பாத்திரம் எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு லைன் முழுக்க ஒரே சாம்பார். எங்கள் வீட்டுக்காரம்மா, அதுதான் லைனுக்குச் சொந்தக்காரம்மா, அவரும் ஒரு தூக்கில் வாங்கிக்கொண்டு போய், "உப்பு மட்டும் ஆளுக்குத் தகுந்தாப்புல போட்டிருக்கறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பாராட்டா குறையா என்று இரண்டு பெண்களும் அன்று பூராவும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் பழக்கம் விட்டுப்போகவில்லை. அந்தப் பெண்களிடம் சில வழக்கங்கள் இருந்தன. தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்காருவார்கள், சாப்பிடமாட்டார்கள். மணி அடிக்கும் என்று காத்திருக்கிற பழக்கம். ஒருத்தி "ம்" என்று சொன்னால்தான் இன்னொருத்தி கை வைப்பாள். தட்டு, டம்ளர் எல்லாவற்றிலும் ஹோமில் குத்திக்கொடுத்த நம்பர் இருக்கும். இருபத்தேழு, முப்பத்துமூன்று. கதவைப் பூட்டவே மாட்டார்கள். சாவி என்று ஒன்றை அதுவரை கையில் வைத்திருந்ததே இல்லையாம். "நகை இல்லாட்டியும் ஊட்டைப் பூட்டோணும் அம்மிணி" என்று தினமும் திட்டுவேன். தலையை ஆட்டுவார்கள், பூட்டமாட்டார்கள்.

மாசி மாதம் ஓவர்லாக்காரி ஒரு சைக்கிள் வாங்கிவந்தாள். மணிக்கணக்குக்கு வாடகைக்கு விடுகிற சைக்கிள் கடை ஒன்று மூடுகிற சமயம். கடைக்காரர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார். நீல நிற லேடீஸ் சைக்கிள். மணி அடித்தால் 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பின் மட்கார்டில் வெள்ளை பெயிண்டில் ஆறு என்று எழுதியிருந்தது.

"இதுக்கும் நம்பர் போட்டிருக்காங்க தாத்தா" என்று தடவிப் பார்த்தாள். "நம்ம ஆளுதான்."

செக்கிங்காரிக்கு அவள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததை நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, "தாத்தா, ஒரு ரவுண்டு போறீங்களா?" என்றாள்.

"எனக்குத் தெரியாது அம்மிணி."

"சைக்கிளுமா தெரியாது?"

"எரும மேல ஏறத் தெரியும்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையிலேயே என் விதி முடிவாகிவிட்டது. மறு ஞாயிறு சாயத் துணி காயப்போடுகிற பொட்டல் காட்டுக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கொடியில் ஆரஞ்சுத் துணி பறக்கிறது. நான் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு சைக்கிள் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

"ஹேண்டில்பாரப் பாக்காதீங்க தாத்தா! அக்கட்டால பாருங்க, அந்த வேப்ப மரத்தைப் பாருங்க!"

"விட்டுறாதே கண்ணு, விட்டுறாதே!"

"விட்டு ரொம்ப நேரம் ஆச்சு!"

திரும்பிப் பார்த்தேன், விழுந்தேன். இரண்டு முழங்காலும் தேய்ந்தன. எழுந்ததும் முதலில் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னொரு வாட்டி" என்றேன். அறுபத்தொரு வயதுக் கிழவன்! அந்த வாரம் பூராவும் வேஸ்ட் பிரிக்கும்போது கை தானாக ஹேண்டில்பாரைப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் எண்ணினேன். நீங்கள் எல்லாம் பம்பரத்துக்கும் காற்றாடிக்கும் நாள் எண்ணியிருப்பீர்களே, அப்படி.

நாலு வாரத்தில் ஓட்ட வந்துவிட்டது. ஆனால் இரண்டு விஷயம் கடைசி வரை வரவில்லை. ஏறுவதற்குக் கல் வேண்டும். துணி துவைக்கிற கல் மேல் நின்றுதான் காலைப் போடுவேன். இறங்கவே தெரியாது. பிரேக்கைப் பிடித்தால் காலைத் தரையில் ஊன்ற வேண்டும் என்று புத்திக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. அதனால் திரும்பி வரும்போதே "புடி! புடி!" என்று கத்திக்கொண்டு வருவேன். பக்கத்துக்கு ஒருத்தியாக நின்று பிடித்துக்கொள்வார்கள்.

சித்திரை நோம்பிக்கு ஒரு நாள் அனுமதி வாங்கிக்கொண்டு மூன்றாவது பெண் வந்தாள். அவள் இன்னும் ஹோமில்தான் இருந்தாள். பதினெட்டு முடிய மூன்று மாதம் பாக்கி. சின்னவள் என்று சொல்கிறேன். ஒல்லி, வாய் பெரிது. நாலு வயதில் அங்கே வந்தவளைக் குளிப்பாட்டி, பேன் பார்த்து வளர்த்ததெல்லாம் ஓவர்லாக்காரிதான். அவளே அப்போது ஏழு வயதுக் குழந்தை. மூன்று பேரும் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள்.

நான் சைக்கிளில் "புடி! புடி!" என்று வந்ததைப் பார்த்துச் சின்னவள் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, இவரு கத்திட்டே வர்றாரு! ஆம்புலன்ஸ் மாதிரி!"

"வாய மூடு, தாத்தா கோவிச்சுக்குவாரு."

"நானும் வெளிய வந்துட்டா மூணு பேரு புடிக்கலாம். ஏனுங்க தாத்தா, நான் வர்ற அன்னிக்கு நீங்களும் கேட்டுக்கு வரோணும். சைக்கிள்லயே வரோணும்."

கேட் என்றால் என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. செக்கிங்காரி சொன்னாள். ஓவர்லாக்காரிதான் இந்த மூவரில் முதலில் ஹோமை விட்டு வந்தவள். ஒரு தகரப் பெட்டி, கம்பெனி விலாசம் எழுதின ஒரு சீட்டு, காலை பத்து மணிக்குக் கேட்டுக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். பஸ் ஏறி திருப்பூர் பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டாள். அங்கே பெஞ்சில் உட்கார்ந்தவள் சாயங்காலம் வரை எழுந்திருக்கவே இல்லை. பசித்தது, எழுந்திருக்கவில்லை. பதினாலு வருடம் யாராவது "எந்திரி" என்று சொன்னால்தான் எழுந்து பழக்கம். எழுந்து போ என்று சொல்ல அன்றைக்கு உலகத்தில் ஒரு ஆள் இல்லை. கடைசியில் பூக்காரம்மா ஒருத்தர் வந்து, "எந்திரி சாமி, எங்க போகோணும் நீ?" என்று கேட்டார். அப்புறம்தான் கால் அசைந்தது.

அன்றைக்கு அவள் ஒரு சட்டம் போட்டாள். இனி அந்த ஹோமிலிருந்து எவளும் தனியாக வெளியே வரக்கூடாது. முன்னால் வந்தவர்களில் ஒருத்தியாவது பத்து மணிக்குக் கேட்டில் நிற்க வேண்டும். செக்கிங்காரி வந்த அன்றைக்கு அவள் விடியற்காலையிலேயே போய் நின்றாளாம். அடுத்தது சின்னவள். அவளுக்காகத்தான் கம்பெனி ஹாஸ்டலை விட்டுத் தனி வீடு பிடித்ததே. சின்னவள் என்னைப் பார்த்து, "சொல்லுங்க தாத்தா, வருவீங்களா?" என்றாள். "வர்றேன் கண்ணு" என்றேன். அந்த வயதில், அதாவது என் சின்ன வயதில், கொடுத்த முதல் வாக்கு அது.

இனிமேல் சொல்லப்போவது எனக்குக் கஷ்டமானது. சொல்லாவிட்டால் மேலே சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும்.

ஆனி மாதம் வந்ததும் எனக்குக் கவலை பிடித்தது. வீட்டுக்காரம்மா ஒரு வாசலுக்கு இரண்டு ஆள்தான் என்று எப்போதோ சொன்னது காதில் இருந்தது. சின்னவள் வந்தால் மூன்று பேரையும் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ? டீக்கடையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து உட்காருவார். மரியாதையான ஆள். தாராபுரம் பக்கம் ஒரு நூல் மில்லுக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிறவர். "மூணு வருசம் ஹாஸ்டல்லயே தங்கிக்கலாம், மூணு வேளை சோறு, பத்திரமா பாத்துக்குவாங்க" என்றார். மூணு வேளை சோறு! அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் ஏதோ குளிர்ந்தது. பெரிய உதவி செய்கிறதாக நினைத்துக்கொண்டு, எந்த ஹோம், எந்தத் திங்கட்கிழமை வெளியே வருகிறாள் என்று எல்லாம் சொன்னேன். அந்தப் பெண்களிடம் மட்டும் சொல்லவில்லை. நல்ல சேதியாக, எல்லாம் முடிந்தபிறகு சொல்லலாம் என்று இருந்தேன்.

அந்த வியாழக்கிழமை செக்கிங்காரி வெங்காயம் உரித்துக்கொண்டே, "திங்கக்கிழம நாங்க ரெண்டு பேரும் லீவு தாத்தா. மில்லு வண்டிக்காரங்க கேட்டுல வந்து நிப்பாங்க, உசாரா இருக்கோணும்" என்றாள்.

"மில்லுன்னா நல்லதுதானே அம்மிணி?"

"எங்க ஹோம் அக்கா ஒருத்தி மில்லுக்குப் போனாங்க. மூணு வருசம் பாக்க விடல. கேட்டுல போய் நின்னா, சொந்தக்காரங்கன்னா மட்டுந்தான்னாங்க. நாங்க என்ன சொந்தம்னு எழுதறது? லெட்டர் போட்டோம், போய்ச் சேரவே இல்ல. எங்களுக்கு இருக்கறதே நாங்கதானே தாத்தா."

கையில் இருந்த டீ ஆறியது. சொல்லியிருக்க வேண்டும். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டீக்கடைக்கு ஓடினேன். வெள்ளைச் சட்டைக்காரர் இல்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. திங்கட்கிழமை நானும் கூடப் போய் நின்று சமாளித்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. வேஸ்ட் லாரி வராததால் நான் வீட்டில் இருந்தேன். மளிகைக் கடைக்காரர் கத்தினார். "பெரியவரே! உங்களுக்குப் போன்! வெசயா வாங்க!"

எனக்குப் போனா? ஓடிப்போய் தலைகீழாகக் காதில் வைத்தேன். கடைக்காரர் திருப்பி வைத்தார். சின்னவள்.

"தாத்தா, இன்னைக்கே அனுப்பறாங்களாம். திங்கக்கிழம ஆபீசுல ஆளு இல்லியாம். ஏதோ மில்லு வண்டி வந்துட்டிருக்குதாம். பத்து மணி. அக்காங்ககிட்ட சொல்..."

கட் ஆகிவிட்டது.

கம்பெனிக்கு ஓடினேன். கேட்டில் செக்யூரிட்டி, "ஷிப்மெண்ட் நேரமுங்க, மேல ஆளைக் கூப்பிட முடியாது, டீ டைமுக்குச் சொல்லிடறேன்" என்றார். டீ டைம் பதினொரு மணி. ஊத்துக்குளி போகிற பஸ் போய்விட்டது, அடுத்தது பத்தரைக்கு. முகூர்த்த நாள் வேறு, ஸ்டாண்டில் ஒரு ஆட்டோ இல்லை. ஹோம் இருப்பது ஊத்துக்குளிப் பாதையில், அஞ்சு கிலோமீட்டர்.

லைனுக்கு ஓடிவந்தேன். நீல சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. பூட்டவில்லை! தினமும் நான் திட்டுவேனே, அந்தப் பூட்டாத பழக்கம் அன்றைக்கு எனக்குத் தெய்வமாயிற்று. துவைக்கிற கல் மேல் ஏறி, காலைப் போட்டு, மிதித்துவிட்டேன். பத்து அடி போனபிறகுதான் புத்தி வந்தது. வழியில் நிறுத்தினால் மறுபடி ஏறக் கல் வேண்டும். இறங்கினால் விழவேண்டும். ஆகையால் நிறுத்தவே கூடாது. அஞ்சு கிலோமீட்டருக்கும் நிறுத்தக்கூடாது!

ஹேண்டில்பாரைப் பார்க்கவில்லை. தூரத்தில் பார்த்தேன். ஒரு மரம் முடிந்தால் அடுத்த மரம். ஆட்டுக்கூட்டம் ஒன்று குறுக்கே வந்தது. "வழி விடுங்க! வழி விடுங்க!" என்று ஆடுகளுக்கே மரியாதை கொடுத்துக் கத்தினேன். எப்படி விலகியதோ, விலகியது. வேகத்தடையில் பல் மோதியது. வியர்வை கண்ணில் இறங்கியது. பயமா? பயந்தான். ஆனால் உள்ளே ஒரு குஷி, எப்படிச் சொல்வேன், வயிற்றுக்குள் யாரோ ஊஞ்சல் ஆட்டுகிற மாதிரி.

டி.வி.எஸ். வண்டியில் பால் கேன் கட்டிக்கொண்டு ஒருவர் பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்க பெரியவரே, மூச்சு வாங்குதே, எறங்கித் தண்ணி குடிச்சுட்டுப் போங்க!"

"எறங்கத் தெரியாதுங்க!"

"என்னங்?"

"எறங்கத் தெரியாது சாமி! நீங்க போங்க!"

அவர் என்னைப் பார்த்தபடியே கொஞ்ச தூரம் கூடவே வந்தார். பிறகு பயந்து வேகமாகப் போய்விட்டார். அடுத்து ஒரு வேன் என்னைத் தாண்டிற்று. ஜன்னலுக்கெல்லாம் திரை போட்ட வேன். முன்சீட்டில் வெள்ளைச் சட்டை. என் கால் அப்போது மிதித்த மிதி, எருமைக்குப் பின்னால் ஓடின காலத்தில்கூட அப்படி ஓடியிருக்காது.

ஹோமின் கேட் தெரிந்தது. இரும்புக் கேட், பச்சை பெயிண்ட். வெளியே வேன் நிற்கிறது. உள்ளே வார்டன் அம்மா ரிஜிஸ்டருடன் நிற்கிறார். வெள்ளைச் சட்டைக்காரர் பேசிக்கொண்டிருக்கிறார். சின்னவள் தகரப் பெட்டி மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் அவள் அக்கா அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றியது. கத்தினேன்.

"புடி கண்ணு! புடி! புடி!"

அவள் எழுந்தாள். யாரும் "எந்திரி" என்று சொல்லவில்லை. பெட்டி உருண்டது, தட்டும் டம்ளரும் உள்ளே கலகலத்தன. கேட்டுக்கு வெளியே ஓடிவந்து, ஹேண்டில்பாரை ஒரு கையாலும் என் இடுப்பை ஒரு கையாலும் பிடித்து நிறுத்திவிட்டாள். ஒற்றை ஆளாக! அதற்கு முன் அவள் என்னைப் பிடித்ததே இல்லை. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுச் சிரிக்கிறாள். அவள்தான்.

"மணி என்ன?" என்று கேட்டேன்.

"பத்தாக அஞ்சு நிமிசம்" என்றாள். "நீங்க லேட் இல்ல."

வெள்ளைச் சட்டைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "அட, பெரியவருங்களா? இவருதாங்க மேடம் எனக்கு இந்தப் புள்ளையப் பத்திச் சொன்னதே!"

சின்னவள் கை என் இடுப்பிலிருந்து நழுவியது. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் சைக்கிள் பழகியபோது பட்ட முழங்கால் காயமெல்லாம் ஒன்றுமே இல்லை.

"ஆமா கண்ணு" என்றேன். "நாந்தான் சொன்னேன். உன்னக் கேக்காம சொன்னேன். எங்கப்பன் என்னய ஒரு எடத்துல கொண்டுபோய் விட்டான், சோறு போடுவாங்கன்னு. அதையேதான் நானும் பண்ணிட்டேன். தப்பு. நீ போகோணும்னா போ, வேண்டாம்னா வா. உன் இஷ்டம்."

வார்டன் அம்மா கெட்டவர் இல்லை. "எனக்கு உள்ள எம்பது புள்ளைங்க. போற புள்ளைக்கு ஒரு எடம் கெடைச்சா நிம்மதின்னு நெனச்சேன்" என்றார். அது என் நினைப்பேதான். பிறகு அவளிடம் கேட்டார். "நீ யாருகூட போற?"

"கேட்டுக்கு வந்தவங்ககூட."

"நானும் கேட்டுக்குத்தானே வந்திருக்கறேன் பாப்பா? இவருக்கு முன்னாலயே வந்துட்டேன்" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர்.

"நீங்க வேன்ல வந்தீங்க" என்றாள் சின்னவள். "இவரு எறங்கத் தெரியாத சைக்கிள்ல வந்திருக்காரு."

வார்டன் அம்மா வாயை மூடிக்கொண்டு சிரித்தார். ரிஜிஸ்டரில் சின்னவள் தன் கையெழுத்தைத் தானே போட்டாள். 'கூட்டிப்போக வந்தவர்' என்ற இடத்தில் நான் கட்டைவிரலை வைத்தேன். ஊதா மை. ஒரு வாரம் போகவில்லை, நானும் தேய்க்கவில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். பெட்டி கேரியரில். அவள் எனக்கு நாலு அடி முன்னாலேயே நடந்தாள். பாதி வழியில் எதிரே ஒரு ஆட்டோ, அதிலிருந்து இரண்டு பேரும் குதித்தார்கள். தலையெல்லாம் ஆரஞ்சுப் பஞ்சு, கழுத்தில் கம்பெனி அட்டை. செக்யூரிட்டிக்கு மனசு கேட்காமல் டீ டைமுக்கு முன்னாலேயே மேலே போய்ச் சொல்லியிருக்கிறார். மூன்று பேரும் நடுரோட்டில் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்த குதியில் பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தே ஓய்ந்தது. பிறகு ஓவர்லாக்காரி காயம் படாத என் முழங்காலைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள்.

"தாத்தா, எப்படி எறங்குனீங்க?"

"இவ புடிச்சா."

அந்தச் சந்தோஷம் முடிவதற்குள் நானே அவளிடமும் சொல்லிவிட்டேன். ஓவர்லாக்காரியின் முகம் மூடிக்கொண்டது. சைக்கிளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

லைன் வாசலில் வீட்டுக்காரம்மா நின்றிருந்தார்.

"யாரு இது மூணாவது?"

"எங்க தங்கச்சிங்க" என்றாள் ஓவர்லாக்காரி.

"அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? ரெண்டு ஆளுதான்னு நான் சொன்னது அந்த வாசல்ல முன்னாடி குடிச்சுட்டுக் கெடந்த ஆம்பளைங்களுக்கு. குழாயடில சண்ட போடாம தண்ணி புடிச்சாச் சரி. போ கண்ணு, உள்ள போ."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். நான் அந்தப் பெண்களையும் கேட்கவில்லை, வீட்டுக்காரம்மாவையும் கேட்கவில்லை. வயதானவன் என்பதால் எல்லாம் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

எட்டு நாள் அந்த வாசலிலிருந்து ஒரு பேச்சு இல்லை. கல் மேல் நின்று ஏற சைக்கிள் இல்லை. சமைக்கிற வாசம் வரும், ஏனம் கேட்டு யாரும் வரமாட்டார்கள். அதற்குள் ஓவர்லாக்காரிக்குச் சரியாக அளந்து போட வந்துவிட்டது போலிருக்கிறது. கோபித்துக்கொண்ட கூட்டாளி வீட்டுச் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்திருப்பீர்களே சின்ன வயதில், நானும் அப்படித்தான் வந்தேன். வேண்டுமென்றே இருமுவேன். வேண்டுமென்றே வாளியை உருட்டுவேன்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஆடி மாதம். பெருங்காய வாசம் பத்து வாசலுக்கும் அடித்தது. அடித்த அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னாலேயே நின்றேன். தட்டினார்கள். சின்னவள். இடுப்பில் அண்டா.

"தாத்தா, இன்னைக்கு நான் சமையல். கொஞ்சம் ஜாஸ்தியா போச்சு."

"எத்தனை போட்டே?"

"நாலுல ஒரு பங்குதான்."

அவள் தோளுக்கு மேலே பார்த்தேன். அந்த வாசலில் ஓவர்லாக்காரி என் பக்கம் திரும்பாமல், நின்ற இடத்தில் நின்றபடி சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போய்ச் சின்னதாக ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். கேட்க எனக்கு அவ்வளவுதான் தைரியம் இருந்தது.

ஓவர்லாக்காரி தலையைத் தூக்காமலேயே சொன்னாள்.

"அது பத்தாது. பெரிய ஏனமா எடுத்துட்டு வரச் சொல்லு."